கொஸ்லந்த வழியே கதிர்காமத்துக்கு

சென்ற பாடசாலை விடுமுறையின்போது நம் வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. வழக்கைத் தொடுத்தவன் ஏழாம் வகுப்பில் படிக்கும் நம் புதல்வன். ஆப்பிரிக்கக் கண்டத்து வனவிலங்குகளைப் பற்றிய படமொன்றைத் தொலைக்காட்சியில் கண்டுவிட்டு, இரண்டு நாட்களாக அவன் வேறு பேச்சே பேசவில்லை. 19,340 அடி உயர்ந்து நிற்கும் கிளிமஞ்சாரோ மலை, அதன் முடியிலே பனி, அடிவாரத்திலே யானைக் கூட்டம், செரெங்கெட்டிப் புல்வெளியிலே சிங்கம் என்று அடுக்கிக்கொண்டே போனான். இறுதியில், "அப்பா, நாமும் ஒரு முறை ஆப்பிரிக்காவுக்குப் போக முடியாதா?" என்று கேட்டான்.

மாதச் சம்பளம் வாங்கும் தகப்பன்மார் இத்தகைய கேள்விக்கு என்ன விடை சொல்லுவார்கள் என்பதை வாசகர்கள் அறிவார்கள். நாமும் அதையே சொன்னோம். ஆயினும் பையனின் முகம் வாடியதைக் கண்டதும் மனம் கேட்கவில்லை. "மலை, அருவி, யானை, சிறுத்தை ஆகிய நான்கும் வேண்டும், அவ்வளவுதானே? ஊவா மாகாணத்தை விட்டு வெளியே போகாமலே நான்கையும் காட்டுகிறேன், வா" என்று வாக்களித்துவிட்டோம். வாக்களித்த பிறகுதான், சிறுத்தையையும் சேர்த்துக்கொண்டது சற்று மிகையாகிவிட்டதோ என்ற ஐயம் தோன்றியது.

கதிர்காமக் கந்தனுக்குச் செலுத்த வேண்டிய நேர்த்திக்கடன் ஒன்று நெடுநாளாக நிலுவையில் இருந்தது. ஆகவே வீட்டு அம்மையாரும் மறுப்பின்றிச் சம்மதித்தார். பதுளையிலிருந்து கதிர்காமம் செல்வோர் எல்ல வழியாக வெல்லவாயவுக்கு இறங்குவதே வழக்கம். அது கிட்டிய வழி. நாமோ சுற்று வழியைத் தெரிந்துகொண்டோம். பண்டாரவளை, ஹப்புத்தளை, பெரகல, கொஸ்லந்த, தியலும, வெல்லவாய, புத்தல, கதிர்காமம் என்பது நாம் வகுத்த பாதை. புளிச்சாதக் கட்டுடன் விடியற்காலையிலேயே புறப்பட்டோம்.

பஸ் ஏறுமுன் பதுளை நகரிலேயே ஓர் இடத்தைப் பையனுக்குக் காட்டினோம். மாற்கு தேவாலயம் என்ற பழைய கட்டடம் அது. மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயரின் நினைவாக எழுப்பப்பட்டது. அவர் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். ஊவாவில் பாதைகள் வெட்டுவித்தவர் என்று புகழ் பெற்றவர். அதைவிடப் பெரிய புகழ் அவருக்கு இன்னொன்றால் வந்தது. தம் வாழ்நாளில் அவர் சுட்டு வீழ்த்திய யானைகள் ஆயிரத்துக்கும் மேல் என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கின்றனர். 1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹப்புத்தளையில் இடி தாக்கி அவர் மாண்டார்.

"ஆயிரம் யானைகளா! அவ்வளவும் எங்கே இருந்தன?" என்றான் பையன்.

"நாம் இப்போது போகப் போகிற மலைகளிலேதான்" என்றோம். அவன் நம்பவில்லை. அவனைக் குறை சொல்லவும் முடியாது. ஹப்புத்தளை மலையிலே இன்று யானையைத் தேடுவது கடைத்தெருவிலே கடலைத் தேடுவது போலாகும். ஆனால் கோப்பிப் பயிருக்காகக் காடுகள் வெட்டப்படுவதற்கு முன் இம்மலைகளெல்லாம் யானைகள் உலவிய அடர்ந்த வனமாகவே இருந்தன. துப்பாக்கி பாதி வேலையைச் செய்தது. கோடரி மீதி வேலையைச் செய்து முடித்தது.

ஹப்புத்தளை ஏறக்குறைய 4,700 அடி உயரத்தில், மலைத்தொடரின் முதுகெலும்பின்மேல் அமைந்த ஊர். ஒரு புறம் நோக்கினால் ஊவாப் பள்ளத்தாக்கு. மறுபுறம் நோக்கினால் மலை திடீரென்று கீழே விழுந்து, தென்திசைச் சமவெளி கண்ணுக்கெட்டியவரை விரிந்து கிடக்கிறது. வானம் தெளிந்த நாளில் கடலின் ஒளிக்கீற்றையும் காணலாம். நாம் சென்ற காலை வேளையில் கீழிருந்து எழுந்த மூடுபனி கடைத்தெருவைக் கடந்து மறுபுறம் இறங்கிக்கொண்டிருந்தது. கம்பளி போர்த்திய முதியவர் ஒருவர் ஆவி பறக்கும் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். நாமும் அவ்வாறே குடித்தோம்.

ரயில் பாதை இங்கே 1893இல் வந்தது. அடுத்த ஆண்டு பண்டாரவளையை அடைந்தது. பதுளைக்கு வந்து சேர 1924 ஆகிவிட்டது. அந்த ரயில் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம்மவர்கள் இம்மலைகளுக்கு வந்துவிட்டார்கள். எப்படி வந்தார்கள் என்பதை மாணவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கரையிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து வன்னிக் காட்டினூடே மாத்தளை வரையில் நூறு மைலுக்கும் மேல் கால்நடையாக நடந்தார்கள். பின் கண்டிக்கும், அதற்கப்பால் உள்ள மலைகளுக்கும் நடந்தார்கள். வழியிலே யானையும் கரடியும் இருந்தன. அவற்றைக் காட்டிலும் கொடிய வாந்திபேதியும் குளிர்காய்ச்சலும் இருந்தன. நடந்தவர்களில் எத்தனையோ பேர் பாதையோரத்திலேயே கிடந்து மடிந்தார்கள். விலங்குகள் நிறைந்த கானகத்தினூடே பிரயாணம் செய்வதை இன்று பொழுதுபோக்கு என்கிறோம். நம் முன்னோருக்கு அது பிழைப்புக்கான போராட்டமாக இருந்தது.

கோப்பியை 1869 முதல் இலைநோய் பற்றிக்கொண்டது. தோட்டங்கள் பட்டுப்போயின. அதன்பின் அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. உலகெங்கும் தேநீரால் பெயர் பெற்ற தோமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைக்கு அருகேயுள்ள தம்பேதன்னத் தோட்டத்தை வாங்கினார். அவர் வந்து நின்று தம் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மலையுச்சியை இன்றும் 'லிப்டன் ஆசனம்' என்கிறார்கள். வெளிநாட்டுப் பிரயாணிகள் விடியலில் அங்கே ஏறி நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். சீவிவிட்டாற்போல் பச்சைப் பசேலென்று இறங்கிச் செல்லும் அத்தேயிலை மலைகளின் வனப்பு வேறெங்கும் எளிதிற் கிடைக்காதது. அந்த வனப்பை நாள்தோறும் கையாலே செய்கிறவர்கள் கூடை சுமந்த பெண்கள் என்பது மட்டும் படத்தில் தெரிவதில்லை.

ஹப்புத்தளையிலிருந்து பெரகலச் சந்திக்கு இறங்கி, கொஸ்லந்த வழியாகச் செல்லும் பஸ்ஸில் ஏறினோம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் நெடுஞ்சாலை அது. ஒரு பக்கம் வானை மறைக்கும் மலைச்சுவர். மறுபக்கம் அடிதெரியாத பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் புதிய மலை ஒன்று முன்வந்து நிற்க, பழைய மலை பின்வாங்கியது. பையன் ஜன்னலைவிட்டு முகத்தை எடுக்கவேயில்லை.

நமக்கு எதிர் ஆசனத்தில் முதிய பெண்மணி ஒருவர் அமர்ந்திருந்தார். ஹப்புத்தளை ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக்கொண்டு திரும்புகிறவர். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த விரல்கள் என்பதை அவருடைய கைகளே சொல்லின. பையனின் ஆர்வத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாட்டி, இந்த மலையில் சிறுத்தை உண்டா?" என்று அவன் அவரையே கேட்டுவிட்டான்.

"இருக்குது ராசா. போன மாசம் எங்க லயத்து நாயைத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு."

"உங்களுக்குப் பயமாக இல்லையா?"

"புலிக்கு என்ன பயம்? நம்மைக் கண்டா அது ஒதுங்கிப் போயிரும். எங்களுக்கு மழைக்குத்தான் பயம், ராசா."

பையனுக்கு இது விளங்கவில்லை. மழைக்கு அஞ்சுவதா? அவனுக்கு மழை என்பது விளையாட்டைக் கெடுப்பது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. "மலையெல்லாம் எவ்வளவு அழகாயிருக்கிறது, பாட்டி!" என்று பேச்சை மாற்றினான்.

"அழகுதான்" என்றார் அவர். "மழை பெய்யாத வரைக்கும்."

கொஸ்லந்தவை நெருங்கியபோது அவர் தம் மருந்துப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே மேற்புறமாகக் கையை நீட்டினார். "அந்தா தெரியுது பாருங்க, ஐயா, அந்த மடிப்புக்கு உள்ளே. அதுதான் மீரியபெத்த."

நாம் நோக்கினோம். பச்சை மலை ஒன்று தெரிந்தது. அதற்கு மேல் மேகம் படிந்திருந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை வேளை. பல நாள் மழையில் ஊறிப்போயிருந்த மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து, மீரியபெத்தத் தோட்டத்து லயங்களின்மீது இறங்கியது. வீடுகள் இருந்த இடம் தெரியாமல் மூடுண்டன. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர், அல்லது காணாமற்போயினர். பலருடைய உடல்களை மண்ணிலிருந்து மீட்கவே முடியவில்லை. பள்ளிக்குப் புறப்பட்டுப்போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். மாலையில் திரும்பி வருவதற்கு அவர்களுக்கு வீடு இருக்கவில்லை. சிலருக்குப் பெற்றோரும் இருக்கவில்லை.

இது முன்னறிவிப்பின்றி நேர்ந்த அனர்த்தமன்று. அந்த இடம் மண்சரிவு அபாயமுள்ளது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்களை வேறிடத்துக்கு அகற்ற வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. மக்கள் லயத்தில் இருந்தார்கள்.

ஈண்டு ஒன்றை வாசகர்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அச்செய்தியைப் பத்திரிகையில் படித்த நாளில் நாம் வருந்தினோம், அதே சமயம், "எச்சரித்த பிறகும் ஏன் இவர்கள் போகவில்லை?" என்று வீட்டிலிருந்தபடி கேட்கவும் செய்தோம். அக்கேள்வியை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, சற்று நாகரிகமான சொற்களில், அந்தப் பெண்மணியிடமும் கேட்டுவிட்டோம். மீரியபெத்தவில் மாண்டவர்களுள் அவருடைய உறவினரும் உண்டு என்பது அப்போது நமக்குத் தெரியாது.

அவர் கோபிக்கவில்லை. "போகச் சொன்னாங்க, ஐயா. சொன்னது நெசந்தான். எங்கே போகன்னு யாரும் சொல்லலையே. காம்பிரா தோட்டத்துது. நிலம் தோட்டத்துது. பெரட்டுக்குப் போனாத்தான் அன்னைக்குச் சோறு. புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்கே போறது?"

நம்மால் மறுமொழி சொல்ல இயலவில்லை. அவர் தொடர்ந்து சொன்னார்: "இன்னைக்கும் ராத்திரியில பெரிய மழை வந்தா யாரும் படுக்க மாட்டோம். சின்னதுகளை உடுப்போட உட்கார வச்சுக்கிட்டு, லைட்டைப் போட்டுக்கிட்டு, மலைச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருப்போம். விடிஞ்சா வேலைக்குப் போவோம்."

கொஸ்லந்தச் சந்தியில் பஸ் நின்றது. "கந்தனைக் கும்பிடுறப்போ எங்களுக்காகவும் ஒரு சூடம் கொளுத்துங்க, ஐயா" என்று சொல்லிவிட்டு, நம் பையனின் கன்னத்தைத் தொட்டு விரல்களை முத்தமிட்டு, அவர் இறங்கிப் போனார்.

நிலம் எவருடையதோ, அந்த நிலத்தைவிட்டு விலகும் சுதந்திரமும் அவருக்கே உண்டு. காணி உள்ளவன் ஓரிடம் அபாயமென்றால் அதை விற்றோ விட்டோ வேறிடம் தேடுவான். நான்கு, ஐந்து தலைமுறையாக உழைத்தும் ஒரு பேர்ச் நிலமேனும் தம் பெயரில் இல்லாதவர்கள் எதை விற்பார்கள்? எங்கே தேடுவார்கள்? மீரியபெத்தவில் உயிர் தப்பியவர்களுள் பலர், கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலே நெடுநாள் தங்கியிருந்தார்கள். புதிய வீடுகள் கிடைக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது நாடெங்கும் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வேளையில் பதுளை மாவட்டத்திலும் மலைகள் சரிந்தன. அந்தப் பெண்மணியின் அச்சம் பழங்கதையன்று.

மலை ஏன் சரிகிறது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. மலைச்சரிவில் பாறையின்மேல் மண் போர்வைபோல் கிடக்கிறது. காட்டு மரங்களின் ஆழமான வேர்கள் அதை இறுகப் பிணித்து வைக்கின்றன. காடு அகன்று, மழைநீர் ஓடும் வழிகளும் அடைபட்டால், பெருமழையில் நீர் மண்ணுக்குள் இறங்கித் தேங்குகிறது. மண் கனக்கிறது, பாறையோடு அதற்குள்ள பிடி தளர்கிறது. பின் ஒரு நொடியில் போர்வை நழுவிவிடுகிறது. அதற்கு முன் மலை சில அறிகுறிகளைக் காட்டுவதுண்டு. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள் தோன்றும். நேராக நின்ற மரங்களும் கம்பங்களும் சாயும். ஊற்றில்லாத இடத்தில் திடீரென ஊற்றெடுக்கும். தெளிந்த ஊற்று கலங்கிச் சேறாக வரும், அல்லது திடுமென நின்றுபோகும். இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்கலாகாது. உடனே அவ்விடம்விட்டு அகன்று, மற்றவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். இப்பகுதியை வெட்டிப் பாடசாலைச் சுவரில் ஒட்டிவைக்கும் ஆசிரியர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்களாவோம்.

கொஸ்லந்தவிலிருந்து சில மைல் தூரத்தில், சாலையோரத்திலேயே தியலும நீர்வீழ்ச்சி. 720 அடி உயரத்திலிருந்து, செங்குத்தான பாறை முகத்திலே வெள்ளைத் துகிலை விரித்தாற்போல் விழுகிறது. இலங்கையின் நீர்வீழ்ச்சிகளில் உயரத்தால் இரண்டாவது இது. பாலத்தருகே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும். பார்ப்பதை நிறுத்தவோ மனம் வராது. அங்கே அமர்ந்து புளிச்சாதத்தை உண்டோம்.

இந்த அருவியைப் பற்றி ஒரு பழங்கதை வழங்குகிறது. இளங்குமரன் ஒருவன் மலைமேல் தப்பியோட நேர்ந்தது. அவனுக்கு வாழ்க்கைப்பட இருந்த மங்கை அவனிடம் போய்ச் சேர விரும்பினாள். கணவாய்களிலெல்லாம் காவல். ஆகவே அவன் காட்டுக் கொடிகளை முறுக்கிக் கயிறாக்கி, மலையுச்சியிலிருந்து கீழே விட்டான். அவளை மேலே இழுக்கையில் அவள் பாறையில் மோதுண்டு மாண்டாள். அதைக் கண்டு இரங்கிய தேவர்கள், அந்தத் துயரத்தின் சுவடு எவர் கண்ணிலும் படாதபடி மலையிலிருந்து ஒரு நீரோடையைப் பெருகச் செய்து, பாறையைத் திரையிட்டு மூடினார்களாம்.

முன்பு இக்கதையைப் படித்தபோது காதற்கதை என்று மட்டுமே எண்ணினோம். கொஸ்லந்தவில் அந்தப் பெண்மணியோடு பேசிவிட்டு வந்த பின், இது வேறொரு பொருளைச் சொல்வதாகத் தோன்றியது. மீரியபெத்த மலையையும் நாம் சற்று முன் பச்சையாகத்தானே கண்டோம்? துயரத்தின்மேல் புல் முளைக்கிறது, அருவி வழிகிறது, மேகம் படிகிறது. வழிப்போக்கன் திரையைப் பார்த்து, "ஆகா, என்ன அழகு!" என்று சொல்லிப் போய்விடுகிறான். அழகு பொய்யன்று. அந்த அருவி மெய்யாகவே அழகுதான். திரைக்குப் பின்னால் ஒருவர் இருக்கக்கூடும் என்பதை மறவாதிருந்தால் போதும்.

தியலுமவில் விழும் நீர் பூணாகலைத் தேயிலை மலைகளிலிருந்து வருவது. அது கிரிந்தி ஓயாவிற் கலந்து, லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தில் நிறைகிறது. அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காடு 1995இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. கோடையில் யானைக் கூட்டங்கள் அங்கே நீரருந்த வருகின்றன. "அந்தப் பாட்டியின் லயத்துக் கூரையில் பெய்த மழையைத்தான் யானை குடிக்கிறது" என்று பையனுக்கு விளக்கினோம். அவனுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. மலை வேறு, காடு வேறு என்று புத்தகத்தில் தனித்தனிப் பாடமாகப் படித்தவன் அவன்.

வெல்லவாயவை அடைந்ததும் காற்று மாறியது. கம்பளிச் சட்டை கைக்கு வந்தது. மலைகள் பின்னே நீலமாய்ச் சுருங்க, பாலை மரமும் வீரை மரமும் முட்புதருமாக வரண்ட நாட்டுக் காடு தொடங்கியது. புத்தலவுக்குச் செல்லும் வழியெங்கும் காணப்படும் இப்பிரதேசத்துக்குப் பழம்பெயர் வெல்லஸ்ஸ. இலட்சம் வயல் உள்ள நாடு என்பது அதன் பொருள். இலட்சம் வயலிருந்த நாட்டில் இத்துணைக் காடு எவ்வாறு வந்தது? 1817இல் ஊவா மக்கள் ஆங்கில ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். எழுச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவையே மக்கள் பக்கம் சேர்ந்து தலைமை தாங்கினார். 1818இல் அது அடக்கப்பட்டபோது வீடுகளும் நெற்களஞ்சியங்களும் கொளுத்தப்பட்டன, வயல்கள் பாழாக்கப்பட்டன, மாடுகள் கொல்லப்பட்டன. எஞ்சியவர்கள் சிதறிப்போனார்கள். வயலிருந்த இடங்களிலே காடு ஏறியது. நாம் இயற்கையின் பெருங்காடு என்று ரசிப்பதில் எவ்வளவோ பகுதி, மனிதர் விரட்டப்பட்ட வயல் என்பதைச் சரித்திரம் சொல்கிறது.

புத்தலவிலிருந்து கதிர்காமம் செல்லும் பாதை யால வனத்தை அடுத்துச் செல்கிறது. பொழுது சாயும் வேளை. திடீரென பஸ் வேகம் குறைந்து நின்றது. பாதையின் நடுவே ஒரு பெரிய ஆண் யானை! இலங்கையின் ஆண் யானைகளில் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு, இதற்கும் தந்தமில்லை. அவசரமேதுமின்றி பஸ்ஸை நோக்கி வந்து, முன் ஜன்னலுக்கு நேராகத் துதிக்கையை நீட்டியது. சுங்கம் வசூலிக்கும் உத்தியோகத்தரின் தோரணை அதற்கு இருந்தது. யாத்திரிகர்கள் பழம் கொடுத்துப் பழக்கிவிட்டதன் பலன் அது. "ஒருவரும் ஒன்றும் கொடுக்காதீர்கள், கொடுப்பது குற்றம்" என்று நடத்துநர் எச்சரித்தும், பின்னாலிருந்த ஒருவர் வாழைப்பழச் சீப்பை எறியவே செய்தார். சுங்கம் செலுத்தப்பட்டது, பாதை திறந்தது.

பையன் பேச்சிழந்து இருந்தான். பிறகு மெல்ல, "அது நம்மை ஒன்றும் செய்யவில்லையே" என்றான். எப்போதும் அவ்வாறு முடிவதில்லை என்பதையும் சொல்லவேண்டியிருந்தது. இந்நாட்டில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன. 150க்கும் மேற்பட்ட மனிதர்கள் யானைகளால் உயிரிழந்தார்கள். மலைக்காட்டைக் கோப்பிக்கும் தேயிலைக்கும் இழந்து, சமவெளிக் காட்டைப் பயிருக்கும் குடியிருப்புக்கும் இழந்து, எஞ்சிய சிறு வட்டத்துக்குள் நின்று அது நம்மிடம் பழம் கேட்கிறது. அந்த வேளையில் நமக்குக் கொஸ்லந்தப் பெண்மணியின் கேள்வி நினைவுக்கு வந்தது. யானையையும் போகத்தான் சொல்கிறோம். எங்கே போவது என்பதை நாம் சொல்லவில்லை.

அன்றிரவு கதிர்காமத்தில் சுவாமி தரிசனம் முடிந்து, சொன்னபடி ஒரு சூடம் ஏற்றிவிட்டு, மாணிக்க கங்கைக் கரையில் அமர்ந்திருந்தோம். பையன் மறுபடியும் ஆப்பிரிக்காவைத் தொடங்கினான். ஆனால் கேள்வி மாறியிருந்தது. "அப்பா, அந்தச் செரெங்கெட்டியிலும் ஆட்கள் இருந்தார்களா?"

இருந்தார்கள். மாசாய் என்ற மேய்ப்பர் குலத்தார், சிங்கமும் வரிக்குதிரையும் உலவும் அதே புல்வெளியிலே தம் மாடுகளை மேய்த்து வாழ்ந்தார்கள். 1951இல் செரெங்கெட்டி தேசியப் பூங்காவாயிற்று. 1959இல் மாசாய் மக்கள் அப்பூங்காவை விட்டு வெளியேற்றப்பட்டு, அடுத்துள்ள கொரொங்கோரோ மேட்டுநிலத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அப்போது அங்கே வாழலாம் என்று அவர்களுக்கு உறுதி கூறப்பட்டது. அங்கிருந்தும் அவர்களை அகற்றும் முயற்சி நம் காலத்தில் நடைபெற்றிருக்கிறது. விலங்குகள் காக்கப்பட வேண்டியவையே. அதில் இரண்டாம் கருத்து இல்லை. மனிதரில்லாத மலையும் மனிதரில்லாத புல்வெளியும் அநேகமாகத் தாமாக அமைவதில்லை, யாரையோ அகற்றிய பின்னரே அமைகின்றன என்பதைப் படம் பார்ப்பவர்களும் அறிந்திருப்பது நியாயம்.

ஆகவே நம் வாசகக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் மலைநாட்டுக்குச் செல்லுங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஹப்புத்தளையின் மூடுபனியையும் தியலுமவின் அருவியையும் காட்டுங்கள். அதோடு, பஸ்ஸில் அருகே அமர்ந்திருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள். மலையைப் பற்றி மலையில் வாழ்கிறவர் சொல்வது எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் அச்சாவதில்லை. அபாயமான லயங்களுக்குப் பதிலாகப் பாதுகாப்பான நிலத்தில், தம் பெயரில் உறுதியுள்ள வீடு அவர்களுக்கு வேண்டும் என்ற கோரிக்கை எழும்போது, அது எவரோ தூரத்து மனிதரின் கோரிக்கையாக நம் காதில் விழாது.

சிறுத்தையை நாம் காணவில்லை. வாக்கில் கால்பங்கு தவறியதை ஒப்புக்கொள்கிறோம். பையன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பாடசாலை திறந்ததும் 'நான் சென்ற பிரயாணம்' என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு போனான். மலை, அருவி, யானை யாவும் அதில் இருந்தன. கடைசி வாக்கியம் மட்டும் தலைப்போடு ஒட்டவில்லை என்று ஆசிரியர் கீழே கோடிட்டிருந்தார். "கொஸ்லந்தவில் ஒரு பாட்டி இருக்கிறார்; இரவில் மழை பெய்தால் அவர் தூங்குவதில்லை" என்பதே அவ்வாக்கியம்.

சென்ற வாரம் பதுளையில் நள்ளிரவில் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் விழும் ஓசை கேட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுத்தோம். பக்கத்து அறையில் விளக்கு எரிந்தது. பையன் எழுந்து ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தான்.

"அப்பா, இந்த மழை கொஸ்லந்தவிலும் பெய்யுமா?" என்று கேட்டான்.